ரேடியோ நெல்லும் ஆள் இல்லாத நாற்காலிகளும்

காவிரிப் படுகையில் அறுபது, எழுபது வருஷம் விவசாயம் பார்த்த பெரியவர்களிடம் பழைய நெல் ரகங்களைப் பற்றிக் கேட்டால் ஒரு வினோதமான பெயர் வரும்: ரேடியோ நெல். விதைப் பையில் இருந்த பெயர் அது இல்லை. அரசாங்கக் கணக்கில் அது ஆடுதுறை 27, சுருக்கமாக ஏ.டி.டி. 27. ஒரு நெல்லுக்கு ஊர்ப் பெயர் வைப்பார்கள், நிறத்தை வைத்து, மணத்தை வைத்து, கொண்டுவந்த ஆளை வைத்துக்கூடப் பெயர் வைப்பார்கள். ஒலிபரப்புக் கருவியின் பெயரை நெல்லுக்கு வைத்தது, எனக்குத் தெரிந்து, தஞ்சாவூர் ஜில்லாதான்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் போனபோது வேறொரு கேள்வியில் வந்து நின்றேன். பொது ஒலிபரப்பு, பொது நூலகம், சுவடிக்கூடம் மாதிரியான அமைப்புகளுக்குப் பணம் யார் கொடுப்பது, எவ்வளவு நாள் கொடுப்பது, கொடுக்கிறவர் கையை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இது இன்று நேற்று வந்த சண்டை இல்லை. நம் ஊரில் வானொலி பிறக்கும்போதே கூடப் பிறந்தது.

முதல் மூடல்

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வக்காரர்கள் சந்தா போட்டு நடத்திய காரியம். மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. 1927ல் கையில் காசில்லாமல் நின்றுபோனது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரலில் அதை மறுபடி ஓடவிட்டது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, வீட்டில் ரேடியோ வாங்க வக்கில்லாதவர்களும் சாயங்காலம் பாட்டுக் கேட்க வழி செய்தார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இது நடந்தது. ஒரு நகரசபை எட்டு வருஷம் ரேடியோ நடத்தியிருக்கிறது.

வடக்கே நடந்தது இன்னும் பெரிய கதை. 1927ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் மூன்று வருஷத்துக்குள் திவாலானது. 1930 ஏப்ரலில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதற்குள் உலகப் பொருளாதாரச் சரிவு வந்துவிட்டது. எங்கும் சிக்கனம். 1931 அக்டோபரில், ஒலிபரப்பையே மூடப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. ரேடியோ பெட்டி இறக்குமதி செய்து வைத்திருந்த வியாபாரிகளும், லைசென்ஸ் கட்டிய நேயர்களும் சத்தம் போட்டார்கள். சுமார் ஆறு வாரத்தில், நவம்பர் 23 அன்று மூடல் உத்தரவு வாபஸ். இறக்குமதி ரேடியோ மீதான வரியைப் பிறகு இரட்டிப்பாக்கி, அந்த வருமானத்தில் ஒலிபரப்பைக் காப்பாற்றினார்கள்.

இந்த 1931 சமாசாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடுகிறோம் என்று தேதி போட்டுச் சொன்னார்கள். அதனால்தான் எதிர்க்க முடிந்தது.

திருச்சிராப்பள்ளி நிலையம்

1939 மே 16 அன்று திருச்சி நிலையம் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தது இதுதான். சென்னையில் இருக்கும்போது திருச்சியில் இன்னொன்று ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் வெளிப்படையானது: நாகஸ்வரமும் தவிலும் பாட்டும் நாட்டியமும் காவிரிக் கரையில் இருந்தன. கும்பகோணத்திலும் திருவாரூரிலும் மாயவரத்திலும் இருந்த வித்வான்கள் காலை ரயிலேறித் திருச்சியில் வாசித்துவிட்டு ராத்திரி ஊர் திரும்பலாம். சமஸ்தானங்கள் கலைந்து, ஜமீன்கள் ஒழிந்து, கோயில் மானியங்கள் சுருங்கிய காலத்தில் மாசம் ஒரு செக் தந்த புரவலர் அந்த நிலையம்தான். திருவையாற்றில் பஞ்சரத்தின கீர்த்தனை பாடுவதை வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்கலாம் என்ற நிலையும் வானொலியால் வந்தது.

கிராமத்தில் அன்று எல்லார் வீட்டிலும் பெட்டி கிடையாது. பஞ்சாயத்து போர்டு ரேடியோ இருந்தது. பஞ்சாயத்து ஆபீசிலோ பூங்காவிலோ பெட்டி, மேலே கூம்பு ஒலிபெருக்கி. சாயங்காலம் அதைப் போட்டுவிட ஒரு ஆள். டிரான்சிஸ்டர் வந்தபிறகு நிலைமை மாறியது. எங்கள் தாத்தாவிடம் தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டரும், அதற்கு ஒரு லைசென்ஸ் புத்தகமும் இருந்தன. தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி ஸ்டாம்பு ஒட்டி வாங்க வேண்டும். "காசு கட்டறோம்ல, அப்ப ஒழுங்காச் சொல்லணும்ல" என்று நிலையச் செய்தி தப்பாகப் போனால் திட்டுவார். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வருவோம்.

1966ல் என்ன நடந்தது

1960ல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. 'பேக்கேஜ் திட்டம்' என்றுதான் ஊரில் பெயர். முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அன்றைய தஞ்சாவூர் என்றால் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்த்துத்தான். உரம், கடன், விதை, ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பது திட்டம். ஆனால் அந்த உரத்தைத் தாங்கி விளையும் குறுவை நெல் கையில் இல்லை.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922ல் தொடங்கியது. அங்கிருந்து ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டி வந்ததுதான் ஏ.டி.டி. 27. வயசு சுமார் நூற்றைந்து நாள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் நட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அறுத்துவிடலாம், அடுத்து தாளடி போடலாம். நாட்டில் அரிசிப் பஞ்சம், கப்பலில் கோதுமை வந்துகொண்டிருந்த வருஷங்கள். சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சர்.

அதே 1966ல் அகில இந்திய வானொலி பத்து நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்கு என்று தனிப் பிரிவு அமைத்தது. அந்தப் பத்தில் திருச்சி ஒன்று. தனிப் பிரிவு என்றால் வெறும் அரை மணி நேரம் அல்ல. அதற்கென்று வேளாண்மை படித்த அலுவலர், எழுதுகிறவர், டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகும் நிருபர். நாற்றங்காலுக்கு எத்தனை நாள், எவ்வளவு உரம், எப்போது பூச்சி மருந்து என்று பருவத்தோடு ஒட்டி அன்றன்று சொன்னார்கள். நட்ட விவசாயியின் குரலையே பதிந்து போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் தன் வாயால் "மாவுக்கு இவ்வளவு கண்டுச்சு" என்று சொன்னால் அதற்குத் தனி மரியாதை. நேயர்கள் கார்டில் கேள்வி எழுதினார்கள், பதில் அடுத்த வாரம் வந்தது. இதன் நீட்சியாக 1970களில் பண்ணைப் பள்ளி வந்தது: வானொலியில் பாடம், கேட்கிறவர் பெயரைப் பதிந்துகொள்ளலாம், கடைசியில் பரீட்சை.

ஏ.டி.டி. 27 படுகை முழுக்கப் பரவிய வேகத்துக்கு இதுதான் காரணம் என்று ஜனங்களே முடிவு கட்டி, நெல்லுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வானொலி தனியாகச் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆடுதுறையில் விதை, கிராமசேவகர் கையில் உரச் சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் கடன், மேட்டூரில் தண்ணீர் இவ்வளவும் சேர்ந்தால்தான் பெட்டியில் வரும் பேச்சுக்கு அர்த்தம். ஆனால் இந்தச் சங்கிலியில் எல்லாக் கண்ணியும் பொதுப்பணத்தில் ஓடியது என்பதையும், எதைச் சொல்கிறோமோ அதை விற்கிறவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரேடியோ சொல்லாதது

பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது சரித்திரம் ஆகாது. ஏ.டி.டி. 27க்கு உறங்குகாலம் இல்லை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளைத்துவிடும். ஈர நெல்லை என்ன செய்வது என்று தெரியாமல் படுகை தவித்தது. திருவாரூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் உருவானதற்கு இந்த ஈரக் குறுவை ஒரு முக்கியக் காரணம். அதன் வாரிசு இன்றும் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. கூடுதல் விளைச்சலில் கூலிக்காரர்களுக்கு என்ன பங்கு? அரைப்படி கூலி அதிகம் கேட்ட போராட்டங்கள் கீழத்தஞ்சையில் மூண்டன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைத்து 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பசுமைப் புரட்சி பற்றி 1971ல் பிரான்சின் ஃபிராங்கல் எழுதிய ஆய்வு எடுத்துக்கொண்ட ஐந்து மாவட்டங்களில் தஞ்சாவூர் இருந்தது தற்செயல் இல்லை.

பண்ணை ஒலிபரப்பு நிலம் வைத்திருந்தவனிடம் பேசியது. நாற்று நட்டவளிடம் கூலி பற்றிப் பேசவில்லை. பேசவும் முடியாது, ஏனென்றால் அது அரசாங்கத்தின் ஒரு இலாகா. இதற்கு மருந்து என்ன என்பதும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. அதே 1966ல் சந்தா கமிட்டி, வானொலியை இலாகாவிலிருந்து விடுவித்துத் தன்னாட்சி அமைப்பாக்குங்கள் என்றது. நெருக்கடி நிலைக்குப் பின் 1978ல் வர்கீஸ் கமிட்டியும் அதையே சொன்னது. சட்டம் 1990ல் வந்தது. அமலுக்கு வந்தது 1997ல். ஆக, முப்பது வருஷம்.

காசு வந்த வழி மாறியது

இடையில் 1980களின் நடுவில் ரேடியோ லைசென்ஸை ஒழித்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம், தபால் ஆபீஸ் வரிசை மிச்சம். ஆனால் தாத்தா சொன்ன "காசு கட்டறோம்ல" என்ற வாக்கியமும் அதோடு போயிற்று. கேட்கிறவனுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருந்த ஒரே நேரடிக் கணக்கு அதுதான். அதற்குப் பிறகு பட்ஜெட்டில் ஒதுக்குவதும் விளம்பரத்தில் வருவதும்தான்.

பிரசார் பாரதி வந்தபிறகு பெயரளவில் தன்னாட்சி, பணத்துக்கு டெல்லி. 2012-13 முதல் ஏற்பாடு இப்படி: ஊழியர் சம்பளத்தை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும், நிகழ்ச்சி நடத்தும் செலவை நீங்களே சம்பாதித்துக்கொள்ளுங்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடாவிட்டால் அரசாங்கத்துக்கு மானியம் மிச்சம். நிகழ்ச்சியைக் குறைத்தால் நிலையத்துக்குச் செலவு மிச்சம். ஒரு உத்தரவும் இல்லாமல் இரண்டு பக்கமும் மிச்சம் பிடிக்கலாம். டேப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போன நிருபர் ஓய்வு பெற்றார், அந்த நாற்காலி காலி. தம்பூரா கலைஞர் ஓய்வு பெற்றார், காலி. தற்காலிக அறிவிப்பாளர்கள் மாசத்தில் சில நாள் முறை வைத்து வருகிறார்கள், மீதி நேரத்துக்கு வேறு நிலையத்து நிகழ்ச்சியை வாங்கி அஞ்சல் செய்தாகிறது.

சில நேரம் உத்தரவும் வரும். 2019 ஜனவரியில் வானொலியின் தேசிய அலைவரிசையும் ஐந்து நகரங்களில் இருந்த பயிற்சி மையங்களும் சிக்கனம் என்ற பெயரில் மூடப்பட்ட செய்தி வந்தது. பயிற்சி மையத்தை மூடுவது விதைநெல்லை அவித்துச் சாப்பிடுகிற மாதிரி. அந்த வேளைக்குப் பசி தீரும்.

அரசாங்கம் பணமே தருவதில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்புக்கு என்று 2,539.61 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிரான்ஸ்மிட்டர், ஸ்டுடியோ, கருவிகள். கருவிக்குக் கோடி உண்டு, கருவிக்கு முன்னால் உட்கார ஆளுக்கு இல்லை. தஞ்சாவூர்க்காரனுக்கு இது புரியும்: மதகைப் புதுசாகக் கட்டிவிட்டு, வாய்க்கால் தூர் வாராத கதை.

சரசுவதி மகாலும் அதே கணக்கும்

தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கும் சரசுவதி மகால் நூலகம் இதற்கு நல்ல ஒப்பீடு. நாயக்கர் காலத்தில் தொடங்கி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி பெருக்கிய சேகரிப்பு. 1855ல் கடைசி மன்னர் சிவாஜி வாரிசில்லாமல் இறந்ததும் கும்பினி எல்லாவற்றையும் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார், வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்த அமளியிலும் சுவடிகள் பிழைத்தன. பர்னெல் என்ற நீதிபதி சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டு 1880ல் வெளியிட்டார்.

1918 அக்டோபரில் அரச குடும்பத்தார் நூலகத்தைப் பொதுமக்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். வெறும் புத்தகமாகக் கொடுக்கவில்லை, பராமரிக்க ஒரு லட்ச ரூபாயும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1918ல் ஒரு லட்சம் என்றால் அதன் வட்டியில் பண்டிதர்களை வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: சுவடியைக் காப்பது அலமாரி இல்லை, படிக்கத் தெரிந்த ஆள்.

விலைவாசி அந்த லட்சத்தைத் தின்றுவிட்டது. பிறகு மானியம்தான். 1983ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்து வந்தது. ஆனால் பல வருஷமாக முழுநேர இயக்குநர் இல்லாமல் மாவட்ட ஆட்சியரே அந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு. ஆட்சியருக்கு மேட்டூர் தண்ணீரும் கொள்முதல் நிலையமும் தேர்தலும் இருக்கின்றன. அங்கே மோடி எழுத்தில் மராத்தி ஆவணங்கள் கட்டுக் கட்டாக உள்ளன. வரிக்கணக்கு, சத்திரக்கணக்கு, கோயில் கணக்கு எல்லாம் படுகையின் சரித்திரம். மோடி படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான். ஒரு மோடி பண்டிதர் ஓய்வு பெற்று அந்த இடம் நிரம்பாவிட்டால், ஆவணம் பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் ஆள் இருக்காது. இதை எந்தப் பட்ஜெட் உரையிலும் வெட்டு என்று சொல்லமாட்டார்கள்.

வெளியே

கிரீஸில் 2013 ஜூன் 11 அன்று அரசாங்கம் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஈ.ஆர்.டி.யை ராத்திரியோடு ராத்திரியாக அணைத்தது. ஊழியர்கள் கட்டிடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள், ஊரே திரண்டது, இரண்டு வருஷத்தில் திரும்பத் திறந்தார்கள். நம் காதுக்குப் பழகிய பி.பி.சி. தமிழோசை 1941ல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. அமெரிக்காவில் 1967 சட்டப்படி உருவான பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025 ஜூலையில் காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அங்கே முதல் அடி விழுவது பெரு நகரத்து நிலையங்களுக்கு அல்ல, வேறு வழியில்லாத சிற்றூர் நிலையங்களுக்கு.

யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி

இதை எழுதும்போதே எதிர்க்கேள்வி எனக்கும் கேட்கிறது. "இப்ப யாருங்க ரேடியோ கேக்குறா? எல்லாம் யூட்யூப்லயே இருக்கே." உண்மைதான். குருத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கலாம் என்று போனில் கேட்டால் நூறு வீடியோ வரும். அவற்றில் எத்தனை, மருந்து விற்கிறவர் போட்டது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரேடியோ நெல்லின் பலம் கேட்டவர் எண்ணிக்கை மட்டும் இல்லை. சொல்கிறவருக்கு விற்க ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கை. அது ரேடியோவில்தான் வரவேண்டும் என்பதில்லை, போனிலும் வரலாம். ஆனால் சம்பளம் கொடுத்து ஒருவரை வயலுக்கு அனுப்பாமல் எந்தக் கருவியிலும் வராது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் பேசவில்லை, பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு ஈடு இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் வேதாரண்யத்தைப் பற்றிச் சொல்ல, அந்தப் பக்கம் தெரிந்த ஒருவர் திருச்சியிலோ காரைக்காலிலோ மைக் முன்னால் இருக்க வேண்டும்.

1931ல் வெள்ளைக்காரன் மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு மூடப் பார்த்தான். ஆறு வாரத்தில் தடுத்துவிட்டார்கள். இன்றைக்கு யாரும் மூடுகிறேன் என்று சொல்வதில்லை. அதனால் எந்தத் தேதிக்கு எதிராகச் சத்தம் போடுவது என்றும் தெரிவதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு கோடி ஒதுக்கினீர்கள் என்பதோடு, அனுமதித்த பணியிடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை என்று கேட்கலாம். வானொலி நிலையத்துக்கும் சரசுவதி மகாலுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இதை யாரும் கேட்கலாம். நானும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். திருச்சி நிலையத்தின் பழைய டேப்புகளில் பலவற்றை அழித்து, மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். டேப்புக்கும் சிக்கனம் பார்த்த காலம் அது. அதனால் பண்ணை ஒலிபரப்புக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுதிய கார்டு, வந்த பதில், பண்ணைப் பள்ளிச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம், பழைய 'வானொலி' இதழ் எதுவும் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஏ.டி.டி. 27 போட்டவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் உட்கார்ந்து கேட்டுப் பதிந்து வையுங்கள். அறுத்தவர்களையும் கேளுங்கள், நட்டவர்களையும் கேளுங்கள். அவர்களை அன்றைக்கு ரேடியோ கேட்கவில்லை.